டீலர் பெட்டியா, ஆஸ்டரிஸ்க்கா: மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் எந்த போன் சிஸ்டம்?

கம்பெனிக்குள் போன்களை இணைக்கும் பழைய ஈ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி கடைசி மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும். பாதி எக்ஸ்டென்ஷனில் இரைச்சல், மாற்றுவதற்குக் கார்டும் கிடைக்காது. இந்த நிலையில் இருக்கும் கம்பெனிக்கு இப்போதெல்லாம் இரண்டு கொட்டேஷன் வருகிறது. ஒன்று, பல வருடமாகப் பழகிய டீலர் கொடுப்பது: மேட்ரிக்ஸ், சின்டெல் மாதிரி பெயருள்ள பெட்டி, எக்ஸ்டென்ஷன் கணக்கில் லைசன்ஸ், வருடா வருடம் ஏ.எம்.சி. என்ற பராமரிப்பு ஒப்பந்தம். இன்னொன்று, சிஸ்டம்ஸ் பார்க்கும் தம்பி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது: "ஆஸ்டரிஸ்க் போட்டுக்கலாமுங்க, சாஃப்ட்வேருக்குக் காசே இல்லீங்க."

முதலாளி இரண்டு தாளிலும் கடைசி வரியைப் பார்த்துவிட்டுக் குறைவான தொகையில் கையெழுத்துப் போடுவார். நான் அந்த வரியைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் செத்துப்போனால் யார் வருவார்? அவர் வராவிட்டால் வேறு ஒருவர் கைவைக்க முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு விலையைப் பேசினால் போதும்.

முதலில் ஓப்பன் சோர்ஸ் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில் நகரில் லினக்ஸ் சேவைக் கம்பெனி நடத்திய மார்க் ஸ்பென்சர், அலுவலகத்துக்கு போன் எக்ஸ்சேஞ்ச் வாங்கப் பணமில்லாமல் 1999-ல் தானே ஒன்றை எழுதினார். அதுதான் ஆஸ்டரிஸ்க். ஜி.பி.எல். உரிமத்தில் வெளிவந்ததால் யாரும் எடுத்து ஓட்டலாம், திருத்தலாம். அந்தக் கம்பெனி பிறகு டிஜியம் ஆனது. 2018-ல் கனடாவின் சங்கோமா அதை வாங்கியது. ஆஸ்டரிஸ்க்கை நேரடியாக ஓட்ட கான்ஃபிகரேஷன் ஃபைல் எழுதத் தெரிய வேண்டும். அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு பிரவுசரில் கிளிக் செய்து ஓட்டும் ஃப்ரீபிபிஎக்ஸ் உண்டு. 2006-ல் தொடங்கிய ஃப்ரீஸ்விட்ச் என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் தனி இனம். பெரிய அளவில் கால் சென்டர் நடத்துபவர்கள் பார்க்க வேண்டியது, நம் வேலைக்கு அவசியமில்லை.

இரண்டு கட்சிக்கும் நடுவில் இருக்கும் கோடு கடைக்காரர் சொல்கிற அளவுக்கு அழுத்தமானதும் அல்ல. டீலர் கடையில் சீல் போட்ட பெட்டியாக வரும் கிராண்ட்ஸ்ட்ரீம் யூ.சி.எம்.முக்குள்ளே ஓடுவது ஆஸ்டரிஸ்க்தான். ஃப்ரீபிபிஎக்ஸிலும் சில வசதிகள் காசு கொடுத்தால்தான் திறக்கும். அதனால் "இது இலவசம், அது காசு" என்று பிரிக்கிறவரிடம் ஒவ்வொரு வசதிக்கும் தனி வரியில் விலை எழுதித் தரச் சொல்லுங்கள்: வாய்ஸ்மெயில், கால் ரெக்கார்டிங், மொபைல் ஆப், கூடுதல் எக்ஸ்டென்ஷன். பிராண்டு பெட்டியில் இன்று தேவைப்படாத லைசன்ஸ்தான் மூன்றாம் வருடம் பில்லாக வரும்.

காசு உண்மையில் போகும் இடம்

ஐம்பது எக்ஸ்டென்ஷன் உள்ள இடத்தில் பெரிய செலவு பெட்டியும் இல்லை, சாஃப்ட்வேரும் இல்லை, போன்களும் கேபிளும்தான். சாதா போன் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிடும். நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐ.பி. போன் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு. ஐ.பி. போனுக்குக் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பி.ஓ.இ. ஸ்விட்ச் வேண்டும், அந்த ஸ்விட்சுக்கு யூ.பி.எஸ். வேண்டும். ஆஸ்டரிஸ்க் என்றவுடன் எல்லா மேசையிலும் ஐ.பி. போன் வைத்தே ஆக வேண்டும் என்று நினைத்துக் கொட்டேஷன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் "இலவச" சிஸ்டம் பிராண்டு பெட்டியைவிடக் கூடுதலாகவே வந்து நிற்கும்.

நூற்பாலையைப் பாருங்கள். கேட்டில் ஒரு போன், பஞ்சு கோடவுனில் ஒன்று, ஜெனரேட்டர் ரூமில் ஒன்று, ஹாஸ்டல் வார்டனிடம் ஒன்று. கேட்டுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவே முன்னூறு நானூறு மீட்டர் இருக்கும். நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகாது. பழைய செம்புக் கம்பி ஒரு கிலோமீட்டர் தாண்டியும் பேசும். பல வருடத்துக்கு முன் இழுத்த ஜோடிக் கம்பிகள், எல்லா லைனும் வந்து சேரும் எம்.டி.எஃப். பெட்டியில் உட்கார்ந்திருக்கின்றன. அதைப் பிடுங்கி எறிவது வீண் செலவு. ஆஸ்டரிஸ்க் போட்டாலும் எம்.டி.எஃப். பக்கத்தில் சாதா போனை ஆஸ்டரிஸ்க்குடன் இணைக்கும் ஒரு எஃப்.எக்ஸ்.எஸ். கேட்வே வைத்தால், பழைய கம்பி, பழைய போன் எல்லாம் அப்படியே ஓடும். அலுவலக மேசைகளுக்கு மட்டும் ஐ.பி. போன் போதும்.

பஞ்சுத் தூசியை கோவை, பல்லடம் பக்கத்து மில்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேன் உள்ள சாதா கம்ப்யூட்டரை மில் ஆபீசில் சர்வராக வைத்தால், ஃபேன் பஞ்சு அடைத்து நிற்கும், பிறகு சூட்டில் தானே அணையும். சுவரில் மாட்டும் பிராண்டு பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஃபேனே கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அவை நம் மண்ணுக்குப் பொருந்தியவை. ஆஸ்டரிஸ்க் போடுபவர் ஃபேன் இல்லாத மினி பி.சி. கேட்டு வாங்க வேண்டும். நூறு எக்ஸ்டென்ஷனுக்குச் சின்ன பிராசசரே தாங்கும். பத்துப் பேர் உட்காரும் பையிங் ஆபீஸ் என்றால் ராஸ்பெர்ரி பை அட்டையிலேயே ஓடும். மெமரி கார்டுக்கு பதிலாக எஸ்.எஸ்.டி. மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் இடி. சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று இடித்துக்கொண்டு வந்தால், கட்டடத்துக்குக் கட்டடம் தொங்கும் கம்பி வழியாக எக்ஸ்டென்ஷன் கார்டு போய்விடும். இதில் ஓப்பன் சோர்ஸ், பிராண்டு என்ற பேதம் இடிக்குக் கிடையாது. எம்.டி.எஃப்.இல் சர்ஜ் புரொடெக்டர், ஒழுங்கான எர்த்திங், முடிந்தால் கட்டடங்களுக்கு நடுவே ஃபைபர். வித்தியாசம் இடி விழுந்த பிறகு தெரியும். பிராண்டு பெட்டியில் அதே மாடல் கார்டுதான் பொருந்தும். டீலர் கையிருப்பில் இருந்தால் மறுநாளே ஓடும், இல்லாவிட்டால் காத்திருப்புதான். ஆஸ்டரிஸ்க்கில் கேட்வே எரிந்தால் எந்த பிராண்டு கேட்வேயை வேண்டுமானாலும் வாங்கி அந்த இடத்தில் வைக்கலாம்.

யார் வருவார்?

இங்கே பிராண்டு பெட்டிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. ஈ.பி.ஏ.பி.எக்ஸ். வேலை தெரிந்தவர்கள் கோவை, சேலம், ஈரோடு எங்கும் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் நாடு முழுவதும் 78,000-க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே வந்தார்கள். செம்புக் கம்பியில் பழுது பார்த்தே வாழ்ந்த கைகள் அவை. கம்பியைக் காதில் வைத்தே எங்கே அறுந்திருக்கிறது என்று சொல்லும் அண்ணன்மார் கோபியிலும் கிடைப்பார்கள், தாராபுரத்திலும் கிடைப்பார்கள். ஆனால் லினக்ஸ் சர்வரில் எஸ்.எஸ்.எச். போட்டு லாக் பார்க்கச் சொன்னால் அவர்களுக்கு அது வேறு ஊர்.

ஆஸ்டரிஸ்க் தெரிந்தவர்கள் கோவை நகரத்துக்குள் நிறையவே உண்டு. பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் ஐ.டி. கம்பெனி இருப்பதால் லினக்ஸ் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தால் ஒரு மாத நோட்டீசில் கிளம்பிவிடும். சென்னிமலையிலோ வெள்ளகோவிலிலோ கம்பெனி நடத்துபவர், சிஸ்டம்ஸ் தம்பி ஒருவரை மட்டும் நம்பி ஆஸ்டரிஸ்க் போட்டால், அவர் கல்யாணமாகி வெளியூர் போகும் நாளில் போன் சிஸ்டத்தின் மூளையும் கூடவே போய்விடும். சாவியை எழுதி வாங்கி வையுங்கள்: ரூட் பாஸ்வேர்டு, கான்ஃபிகரேஷன் ஃபைல்களின் நகல், எந்தக் கேட்வே எந்த ஐ.பி. என்ற பட்டியல். வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு ஒரு பழைய கம்ப்யூட்டரில் அந்த பேக்கப்பைப் போட்டு போன் அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

டீலர் பெட்டியிலும் இதே சாவி விவகாரம் உண்டு. புரோகிராமிங் பாஸ்வேர்டை டீலரே வைத்துக்கொள்வார். கேட்டால் "அதை நாங்க பாத்துக்கறமுங்க" என்பார். ஏ.எம்.சி. தகராறு வந்தால் ஒரு எக்ஸ்டென்ஷன் பெயர் மாற்றக்கூட வழியில்லை. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே பாஸ்வேர்டும் புரோகிராமிங் பேக்கப்பும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

கம்பெனியே மூடிப்போனால்?

பெரிய பெயர் என்றால் நிலைக்கும் என்ற நம்பிக்கை போன் தொழிலில் அதிகம் பலிக்கவில்லை. ஒரு காலத்தில் உலகத்தின் பெரிய பெயர்களில் ஒன்றான நார்டெல் 2009-ல் திவாலானது. அதன் நிறுவனத் தொலைபேசிப் பிரிவை வாங்கிய அவாயா 2017-லும் 2023-லும் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. மைட்டெல் 2025-ல் அதே வாசலில் நின்றது. நம் ஊர் ஆபீஸ்களில் அதிகம் பார்த்த பானாசோனிக்கும் பி.பி.எக்ஸ். என்ற ஆபீஸ் எக்ஸ்சேஞ்ச் தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பெட்டி மறுநாளே நிற்காது, சரி. ஆனால் அந்த பிராண்டின் டிஜிட்டல் கீபோன் அந்த பிராண்டு பெட்டியில் மட்டும்தான் பேசும். பெட்டி போனால் நாற்பது போனும் மேசை அலங்காரம்.

ஓப்பன் சோர்ஸ் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்கலாம். எலாஸ்டிக்ஸ் என்று ஆஸ்டரிஸ்க்கை வைத்துக் கட்டிய ஒரு தொகுப்பு நம் பக்கத்திலும் பிரபலமாக இருந்தது. 2016-ல் அது 3சி.எக்ஸ். என்ற மூடிய போன் சாஃப்ட்வேர் கம்பெனியின் கைக்குப் போய், அதே பெயரில் வேறு சரக்கு வந்தது. நம்பி இருந்தவர்களுக்கு அதிர்ச்சிதான். ஆனால் பழைய கோட் வெளியே இருந்ததால், அதை எடுத்து இசபெல் என்ற பெயரில் வேறு குழு தொடர்ந்தது. நார்டெல் வைத்திருந்தவருக்கு அப்படி ஒரு கதவு திறக்கவே இல்லை. இரண்டு பக்கமும் விழலாம். விழுந்த பிறகு எழுந்திருக்க வழி இருப்பது ஒரு பக்கத்தில் மட்டும்.

பிராண்டு பெட்டியே வாங்குவது என்று முடிவு செய்தாலும், போன்களை, எல்லா பிராண்டுக்கும் பொதுவான சிப் (SIP) தரத்தில் பேசும் ஐ.பி. போன்களாக வாங்குங்கள். யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம், ஃபேன்வில் எதுவானாலும் பெட்டியை மாற்றினாலும் போன் தங்கும்.

வசதி என்று பார்த்தால்

இங்கே ஆஸ்டரிஸ்க் முன்னால் போய்விடுகிறது. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தேனியிலிருந்து ஒரு கடைக்காரர் கூப்பிடுகிறார். போன் அடிக்கும்போதே திரையில் அவர் கடைப் பெயரும், டேலியில் அவர் தர வேண்டிய பாக்கியும் வந்தால் எப்படி இருக்கும்? ஆஸ்டரிஸ்க் ஒவ்வொரு அழைப்பையும் வெளியே அறிவித்துக்கொண்டே இருக்கும், டேலி எக்ஸ்.எம்.எல். வழியாகக் கணக்கைக் கொடுக்கும். நடுவில் சின்ன புரோகிராம் ஒன்று எழுத ஒரு பைத்தான் தெரிந்த பிள்ளை போதும். பிராண்டு பெட்டியிலும் இது முடியும், அதற்கென்று தனி லைசன்ஸும் அவர்கள் ஒத்துக்கொள்ளும் சாஃப்ட்வேரும் வேண்டும். நாமக்கல்லில் முட்டை வியாபாரி அன்றன்றைய விலையை ரெக்கார்டு செய்து வைத்து, கூப்பிடுகிறவருக்குத் தானாகச் சொல்ல வைப்பதற்கு இரண்டிலும் வழி உண்டு. விலையைப் பட்டியலிலிருந்து தானாக எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் ஆஸ்டரிஸ்க் சுலபம்.

குரலும் அப்படித்தான். தமிழ்க் குரலை நீங்களே பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம். செய்தி வாசிக்கிற தமிழ் வேண்டாம், "வணக்கமுங்க, டெஸ்பாட்ச் வேணும்னா ரெண்டை அமுத்துங்க" என்று ஆபீஸ் அக்கா ஒருவர் பேசினால் கேட்பவருக்கு ஊர்க் கம்பெனி என்று தெரியும். திருப்பூரில் எச்.ஆர். நம்பருக்கு இந்தியும் ஒடியாவும் சேர்த்துவிட்டால் தொழிலாளர்களுக்கு உபகாரம்.

பனியன் கம்பெனிகளுக்கு நான் இன்னொரு காரணமும் சொல்வேன். மெர்ச்சன்டைசர் தன் சொந்த மொபைலில் டையிங், பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லோரிடமும் பேசுகிறார். வேலையை விட்டுப் போகும்போது அந்தத் தொடர்பு முழுவதும் அவருடன் போகிறது. கம்பெனி நம்பரிலிருந்து மொபைல் ஆப்பில் பேச வைத்தால் நம்பர் கம்பெனியில் தங்கும். ஆஸ்டரிஸ்க்கில் எத்தனை பேருக்கு ஆப் கொடுத்தாலும் லைசன்ஸ் கேட்பதில்லை. சிப் ஆப்கள் இலவசமாகவே உண்டு. ஆனால் மொபைல் டேட்டாவில் உள்ளே வருவதற்கு வி.பி.என். என்ற பூட்டிய தனிப் பாதை வேண்டும், பூட்டிக் கிடக்கும் மொபைலில் சில இலவச ஆப்கள் மணி அடிக்காமலே விட்டுவிடும். பிராண்டுக்காரர்களின் ஆப் இந்த விஷயத்தில் மெருகானது, ஒத்துக்கொள்கிறேன்.

நூல் விலையை வாய்வார்த்தையில் பேசி முடிக்கும் ஊரில் ரெக்கார்டிங் எவ்வளவு சண்டையைத் தீர்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு நிமிடப் பேச்சு ஏறத்தாழ ஒரு எம்.பி.; டிஸ்க் ஒரு பெரிய விஷயமே இல்லை. பதிவாகிறது என்று அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது மரியாதை.

திருட்டு அழைப்பு

ஆஸ்டரிஸ்க்கை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைத்தால், அன்றைக்கே யாரோ சிப் அழைப்பு நுழையும் வாசலான 5060 போர்ட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டு 101 என்று இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டு நம்பர்களுக்கு அழைப்பு போய் பில் கம்பெனி பெயரில் வரும். ஃபயர்வால், நீளமான பாஸ்வேர்டு, தப்பாகத் தட்டுகிறவரை அடைத்துவிடும் ஃபெயில்2பேன் மூன்றும் கட்டாயம். 2025 ஆகஸ்டில் ஃப்ரீபிபிஎக்ஸில் ஒரு ஓட்டை வெளியானபோது அடி வாங்கியவர்கள், அட்மின் பக்கத்தை உலகத்துக்கே திறந்து வைத்திருந்தவர்கள். மூடிய சாஃப்ட்வேர் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம்: 2023 மார்ச்சில் 3சி.எக்ஸ். கம்பெனியின் சொந்த டெஸ்க்டாப் ஆப்பிலேயே வைரஸ் கலந்து வாடிக்கையாளர்களுக்குப் போனது. எந்தப் பெட்டியானாலும், வெளிநாட்டு அழைப்பு தேவைப்படாத கம்பெனி லைன் கொடுக்கும் நிறுவனத்திடமே ஐ.எஸ்.டி.யை அடைக்கச் சொல்லிவிடலாம். பைசா செலவில்லாத பாதுகாப்பு.

லைன் பற்றி இரண்டு வார்த்தை. முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசும் பி.ஆர்.ஐ. லைனுக்கு பதிலாக இப்போது சிப் தரத்தில் வரும் லைனை, சிப் டிரங்க் என்று, கொடுக்கிறார்கள். ஒரு அழைப்புக்கு இரு திசையிலும் சுமார் 90 கே.பி.பி.எஸ். போகும், இருபது அழைப்புக்கு இரண்டு எம்.பி.பி.எஸ். கூட வேண்டாம். டிரங்க் பெரும்பாலும் உங்கள் கட்டடத்துக்கே தனி ஃபைபரில் வரும், அதனால் சர்வரைத் தூக்கி மும்பை கிளவுடில் வைக்கலாம் என்ற யோசனை காகிதத்தில் மட்டும் அழகு. இன்டர்நெட் வழியாக வரும் வெளிநாட்டு (வி.ஓ.ஐ.பி.) அழைப்பை உள்ளூர் சிம்மில் இறக்கும் சிம் பாக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அது போலீஸ் வழக்கு.

எனக்குப் பட்டது

இருபது முப்பது எக்ஸ்டென்ஷன், ஒரே வளாகம், சிஸ்டம்ஸ் ஆள் கிடையாது என்றால் பிராண்டு பெட்டி வாங்குங்கள். நல்ல டீலர் பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கரண்ட் போனாலும் ஒரு லைனை நேராக ஒரு போனுக்குத் தள்ளிவிடும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

அவிநாசியில் ஒரு யூனிட், பெருந்துறை சிப்காட்டில் ஒரு யூனிட், கோவையில் ஆபீஸ் என்று பிரிந்திருக்கும் கம்பெனியில், சொந்தமாக இரண்டு பேராவது லினக்ஸ் தெரிந்தவர்கள் இருந்தால் ஆஸ்டரிஸ்க். மூன்று இடத்துக்கும் வி.பி.என். போட்டுவிட்டால் ஒரே எக்ஸ்டென்ஷன் பட்டியல். பிராண்டு பெட்டியில் ஒவ்வொரு இடத்துக்கும் பெட்டியும் நெட்வொர்க்கிங் லைசன்ஸும் கேட்பார்கள். ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால், கோவையில் ஒரு சப்போர்ட் நிறுவனத்துடன் வருட ஒப்பந்தம் போட்ட பிறகே தொடங்குங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கொட்டேஷனை ஒப்பிட வேண்டும்; சேர்த்த பிறகும் ஐம்பது அறுபது எக்ஸ்டென்ஷனுக்கு மேல் ஆஸ்டரிஸ்க் பக்கம்தான் தராசு சாயும் என்பது என் கணிப்பு. இரண்டுங்கெட்டான் நிலையில் இருப்பவர்களுக்கு, உள்ளே ஆஸ்டரிஸ்க் ஓடும் சீல் போட்ட பெட்டி நல்ல சமரசம்.

எல்லோரும் ரோட்டில் இருக்கும் தொழில், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர் மாதிரி, இரண்டையும் வாங்க வேண்டாம். எக்ஸோடெல், மைஆபரேட்டர் போன்ற கிளவுட் சேவையில் ஒரு நம்பர் எடுத்து மொபைல்களுக்குத் திருப்பிவிடுவதே போதும்.

எதைப் போட்டாலும் பழைய பெட்டியை ஒரே நாளில் கழற்ற வேண்டாம். இரண்டையும் கேட்வே வழியாக இணைத்து, மார்க்கெட்டிங் பிரிவை மட்டும் முதலில் புதியதில் ஏற்றுங்கள். எல்லா எக்ஸ்டென்ஷனிலிருந்தும் 108, 112 முன்னால் பூஜ்யம் போடாமல் போகிறதா என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். கோடவுனில் தீப்பிடிக்கும்போது பூஜ்யம் யாருக்கும் ஞாபகம் வராது. முழுதாக மாற்றுவதைப் பொங்கல் லீவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், கம்பெனி காலியாக இருக்கும் என்பதால். வேண்டாம். கம்பி இழுக்கிறவரும் ஊருக்குப் போயிருப்பார், டீலர் கடையும் பூட்டியிருக்கும். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத ஒரு சாதாரண சனிக்கிழமை மாலையில் தொடங்கினால், ஞாயிறு முழுக்கச் சரிபார்க்க நேரம் இருக்கும்.